நாற்பது வீச்சு

போன மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. சாய்வான இரும்புத் தண்டவாளம், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு பலகை, பலகையில் குப்புறப் படுத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரர், அவருடைய இரண்டு கையிலும் கயிறு. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இடியப்பம் பிழியும் மெஷினில் எதற்கு ஆளைப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

படத்தை அனுப்பியவள் கோகிலா. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் நான் இருபத்தெட்டு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த பாடசாலையில் இப்போது அதே வேலையைப் பார்ப்பவள். என்னிடமே படித்தவள். அந்த மெஷின் தண்ணீரில் இறங்காமல் தரையிலேயே நீச்சல் பழகுவதற்கானதாம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறாராம். வாங்கச் சொல்லலாமா, வேண்டாமா, யோசித்து எழுதி அனுப்புங்கள், பழைய மாணவர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில் என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கே கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எழுதத் தொடங்கியதும் ஒரு சங்கடம். எனக்கு நீந்தத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நான் வலைப்பந்துக்காரி. பயிற்சிக் கலாசாலையில் நீச்சல் என்று இரண்டு நாள் கூட்டிப் போனார்கள். முதல் நாள் தடாகத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தேன். இரண்டாம் நாள் மழை. சான்றிதழில் மட்டும் 'நீச்சல்: திருப்தி' என்று இருக்கிறது. யாருக்குத் திருப்தி என்று நான் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட நான் நீச்சல் அணி ஒன்றைத் தயார் செய்ய வேண்டி வந்தது பதினாறு வருடத்துக்கு முன்னால். பிள்ளைகளை நீச்சலிலும் பங்குபற்ற வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் ஊரில் குளிப்பதற்கே நாள் பார்ப்பார்கள். மிக அருகில் இருந்த தடாகம் கண்டிப் பக்கம், பஸ்ஸில் போக மூன்று மணித்தியாலம். அதிபர் தங்கராஜா சேரிடம் கடிதத்தைக் காட்டி, முடியாது என்று பதில் எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

தங்கராஜா சேரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் எதற்கும் ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்ல மாட்டார். கழுத்துப் பட்டியை நீவிக்கொண்டு, "செஞ்சு பாப்போம் டீச்சர்" என்பார். வார்த்தைக்குச் சொல்வதல்ல, அவரே செய்து பார்ப்பார். பாடசாலைக்குத் தும்புத்தடி வாங்குவதென்றால் கடையிலேயே ஒரு மூலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். புது மேசை வந்தால் அதில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பார். சத்துணவுக்கு வந்த பயறை முதலில் அவர் சாப்பிட்டு, ஒரு மணித்தியாலம் காத்திருந்து, வயிறு சம்மதித்த பிறகே பிள்ளைகளுக்கு விடுவார்.

ஆகவே ஹட்டனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த ராசிக் நானா, தரையில் நீச்சல் பழகும் றப்பர் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நுனியிலும் பிடியும் உள்ளங்கைத் தகடும் வைத்த நீளக் கயிறு. நடுவை எங்காவது உறுதியாகக் கட்டிவிட்டு, குப்புறப் படுத்து இழுக்க வேண்டும். சேர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பிள்ளைகள் உட்காரும் இரண்டு வாங்கைச் சேர்த்துப் போடச் சொன்னார். கயிற்றை அலுவலக அலுமாரியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கழுத்துப் பட்டியோடு குப்புறப் படுத்து, நானா சொல்லச் சொல்ல இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கயிறு அசையவில்லை, அலுமாரி திறந்துகொண்டது. பத்து வருடத்துச் சோக்குப் பெட்டிகளும் இரண்டு வெற்றிக் கிண்ணங்களும் உலக உருண்டையும் அவர் முதுகில் வந்து இறங்கின. தேத்தண்ணி கொண்டுவந்த பியோன் சேரைத் தேடி மேசைக்கு அடியில் பார்த்தார்.

சேர் எழுந்தார். தலையெல்லாம் சோக்குத் தூள். சிரிக்காமல் சொன்னார், "சாமான் நல்ல சாமான்தான் நானா. இத இழுத்துக் கட்டத்தான் நம்ம கிட்ட பலமா ஒண்ணும் இல்ல." நானாவும் சிரிக்காமல் கயிற்றைச் சுருட்டினார். அந்த மனிதர்களின் பொறுமையை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். நான் மட்டும் வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கயிறு வாங்கவில்லை. ஆனால் சேர் அதைச் செய்து பார்த்துவிட்டார், செய்யலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிள் டியூப் இருந்தால் போதும் என்றார். எங்கள் மலையில் சைக்கிளுக்கு எங்கே போவது, ஏறினால் தள்ள வேண்டும், இறங்கினால் ஆளைத் தள்ளிவிடும். கடைசியில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிச் சாரதி ஒரு பழைய டியூபைத் தந்தார். அதை இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டி பட்டியாக வெட்டினோம்.

பயிற்சி இப்படித்தான் நடந்தது. மண்டபத்துச் சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி ஆளுக்கு ஒரு வாங்கு. அதன்மேல், கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று நாலாக மடித்தபடி. நெஞ்சு வாங்கின் விளிம்புக்குச் சற்று வெளியே வரும்படி பிள்ளை குப்புறப் படுக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் மாட்டிய டியூபின் இரண்டு நுனியும் கையில். வலக்கையை நீட்டி, முழங்கை மேலேயே நிற்க உள்ளங்கையால் பிடித்து, வாங்கின் ஓரமாக இழுத்து, தொடையைத் தொட்டு விட வேண்டும். அது ஒரு வீச்சு. பிறகு இடக்கை. இரண்டு வீச்சுக்கு ஒரு தடவை முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு. பனி மண்டபத்துக்குள்ளேயே வந்து நிற்கும் காலைகளில் சுவெட்டரோடு ஆறு பெண் பிள்ளைகள் தரையில் நீந்துவதைப் பார்க்கச் சமையலறைப் பெண்கள் கரண்டியோடு வந்து நிற்பார்கள்.

எத்தனை வீச்சு என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கண்டிப் பக்கத் தடாகத்தின் பயிற்சியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். சிங்களவர், தமிழும் கொஞ்சம் பேசுவார். பிள்ளைகள் பிறகு அவரை, சிங்களத்தில் ஐயா என்பதுபோல, மாத்தயா என்றே கூப்பிட்டார்கள். தடாகத்தின் ஒரு நீளத்துக்குப் புதுப் பிள்ளை எத்தனை வீச்சுப் போடும் என்று கேட்டேன். நாற்பது, கூடக் குறைய, என்றார். நான் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் 'நாற்பது' என்று எழுதினேன். கூடக் குறைய என்பதை எழுதவில்லை. ஒரு விதியும் சேர்த்தேன்: நாற்பது முடிந்ததும் கையைத் தொடையோடு வைத்து, தலையைக் கீழே போட்டு, அசையாமல் கிடக்க வேண்டும், நான் விசில் ஊதும்வரை. இளைப்பாறட்டும் என்று நல்லெண்ணத்தில் போட்ட விதிதான்.

ஆறு பேரில் கோகிலாவின் கைதான் அழகாக வந்தது. ஆனால் அவளைச் சேர்த்துக்கொள்ளும் முன் அவளுடைய அம்மா பாக்கியம் அக்கா, கொழுந்துக் கூடை முதுகில் இருக்க, மலையிலிருந்து நேரே பாடசாலைக்கு வந்துவிட்டார். அவருடைய தம்பி கொத்மலைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்கியவர், உயிரோடு ஏறவில்லை. மறுநாள் குப்புற மிதந்தவரைக் கரையிலிருந்து முதலில் கண்டவர் பாக்கியம் அக்கா. அன்றிலிருந்து பிள்ளையைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக் கரையில்கூடத் தனியாக விடமாட்டார்.

"தண்ணி கெடையாதில்ல டீச்சர்?" என்று கேட்டார்.

வாங்கையும் படங்கையும் காட்டி, கிடையாது அக்கா, எல்லாம் தரையில்தான் என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை. ஆனால் பஸ் கிடைத்ததும் தண்ணீருக்குக் கூட்டிப்போகும் எண்ணம் என் மனதில் இருந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினேன். பாக்கியம் அக்கா வாங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணியில்லாத நீச்சல் என்றால் பரவாயில்லை, புள்ள நல்லாப் பழகட்டும் என்று சொல்லிப் போனார். அதோடு விடவும் இல்லை. ஒரு டியூப் துண்டை வாங்கிப்போய்த் தோட்டத்து லயத்து வீட்டுக் கதவில் மாட்டி, பின்னேரங்களில் மகளைப் பலகையில் படுக்கப்போட்டு, ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே நாற்பதும் எண்ணினார். ஒரு நாள் முப்பத்தெட்டில் கோகிலா எழுந்துவிட்டாளாம். இரண்டு குறைகிறது என்று ரொட்டி கொடுக்கவில்லையாம்.

மூன்று மாதத்தில் சேர் எங்கேயோ பேசி, ஆறு சனிக்கிழமைக்கு ஒரு பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். நான் சேரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, பாக்கியம் அக்காவிடம் கொஞ்சம் நீங்கள் பேசுங்கள் என்றேன். அவர் கழுத்துப் பட்டியை நீவினார். "மறைச்சது நீங்க. நீங்கதான் போய்ச் சொல்லணும் டீச்சர்" என்றார். செய்து பார்ப்போம் என்று சொல்லாத ஒரே தடவை அது.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். சொல்லி முடிக்கும்வரை பாக்கியம் அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வைத்தார். நான் குடித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வாயைக் கட்டியிருக்கலாம், இல்லையென்றால் முழுவதையும் சொல்லியிருக்கலாம். கோகிலா கதவில் தொங்கிய டியூபைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு எப்படியாவது போக வேண்டும்.

"நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா முடியாதுன்னுருப்பேன். அது உங்களுக்கும் தெரியும்" என்றார் பாக்கியம் அக்கா. காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டே, "நானும் வாறேன். புள்ள எறங்குற கரையில நான் நிப்பேன். வேணாமுன்னு நான் சொன்னா அந்த நிமிசமே ஏத்திறணும். உங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல டீச்சர்?"

இரண்டாவது தடவை மறைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரியாது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

நுவரெலியா தாண்டி இறம்பொடை இறக்கத்தில் பஸ் வளைந்தபோது கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தது. பாக்கியம் அக்கா எழுந்து மறுபக்க ஆசனத்துக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். தடாகம் வரும்வரை கையில் இருந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். தடாகத்துக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் குந்தி, குனிந்து பார்த்தார். நீல ஓடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. "அடி தெரியுதே" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வாங்குச் சுரைக்காயும் அன்றைக்குப் பாதிதான் உதவியது. கைகளைப் பார்த்த மாத்தயாவுக்கு ஆச்சரியம். எங்கே பழகினீர்கள், நல்ல கை, என்றார். அடுத்த நிமிடமே ஆறு பேரும் தண்ணீர் குடித்தார்கள். வாங்கில் மூச்சை இழுக்கச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, தண்ணீருக்குள் மூச்சை விட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. காற்றில் அது தானாகவே நடந்துவிடுகிறது. கால்களும் கீழே போயின. தரையில் வாங்கு தாங்கியது, இங்கே தாங்க ஒன்றும் இல்லை. மாத்தயா முதல் இரண்டு சனிக்கிழமையும் கையைப் பற்றியே பேசவில்லை. மூச்சை விடு, மித, பயப்படாதே, இவ்வளவுதான். பாக்கியம் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து குடையோடு கரையில் நின்றார். மற்ற அம்மாமார் அவரைப் பார்த்துத்தான் தங்கள் பிள்ளைகளை விட்டார்கள் என்பதை நான் பிறகு அறிந்தேன். அவர் ஒரு நாள் வரவில்லை என்றிருந்தால் என் அணி அன்றோடு கலைந்திருக்கும்.

ஆறாவது சனிக்கிழமை தெரிவு. தடாகத்தின் முழு நீளத்தையும் நிற்காமல் நீந்தும் பிள்ளைதான் போட்டிக்குப் போகலாம். ஆழமில்லாத பக்கத்தில் தொடங்கி, ஆழமான பக்கத்துச் சுவரைத் தொட வேண்டும். கோகிலா புறப்பட்டாள். நான் விசிலோடு சுவர்ப் பக்கம் நின்றேன். மாத்தயா நீளக் கம்போடு எனக்குப் பக்கத்தில். பாக்கியம் அக்கா புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, தடாகத்தின் ஓரமாகவே மகளோடு சேர்ந்து நடந்துவந்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது.

அருமையாக வந்தாள். முப்பது, முப்பத்தைந்து. சுவருக்கு இரண்டு ஆள் நீளம் இருக்கும்போது கைகள் நின்றன. இரண்டையும் தொடையோடு சேர்த்து வைத்தாள். தலையைக் கீழே போட்டாள். தண்ணீரில் குப்புற அசையாமல் கிடந்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆளுயரத் தண்ணீர், எனக்கு நீந்தத் தெரியாது, விசில் வாயில் இருக்கிறது, ஊதவும் தோன்றவில்லை. மாத்தயா செருப்பை உதறினார். நான் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். தம்பியை அவர் கண்ட கோலமும் இதுதான் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. அவர் வேண்டாம் என்று கத்தப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் கத்தவில்லை. நின்ற இடத்தில் குந்தினார். கையை நீட்டி மாத்தயாவை நிறுத்தினார். அதற்குள் கோகிலா தலையைப் பக்கவாட்டில் திருப்பி, சாவதானமாக ஒரு மூச்சு எடுத்து, கண்ணால் என்னைத் தேடினாள். விசிலுக்குக் காத்திருக்கிறாள். நாற்பது முடிந்துவிட்டதல்லவா. என்ன நடக்கிறது என்று அந்த இடத்தில் விளங்கிக்கொண்ட ஒரே ஆள், வீட்டில் அந்த நாற்பதை மூன்று மாதம் எண்ணிய பாக்கியம் அக்காதான்.

"நெரை முடியல பாப்பா" என்றார். மலையில் பக்கத்து நிரைக்காரியிடம் பேசுகிற அதே குரல். "எண்ணிக்கைய விடு. நெரைய முடிச்சிட்டு வா."

தேயிலை மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை கொடுப்பார்கள். கூடை நிரம்பினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, நிரையின் கடைசிச் செடிவரை எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பாதியில் இறங்கியவள் என்ற பேச்சு வாங்க எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள். கோகிலா அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. கையை நீட்டினாள். நாலு வீச்சு, ஐந்து வீச்சு. சுவரைத் தொட்டாள்.

மேலே ஏறி, பல் கிடுகிடுக்க, முதலில் என்னிடம்தான் கேட்டாள், "நாப்பதுதானே டீச்சர் சொன்னீங்க?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மாத்தயா அவளைச் சுட்டி, மற்றப் பிள்ளைகள் தண்ணீரோடு சண்டை பிடிக்கிறார்கள், இந்தப் பிள்ளை தண்ணீரில் இளைப்பாறுகிறாள், இது சொல்லிக்கொடுத்து வருவதில்லை என்றார். பாக்கியம் அக்கா மகளின் தலையைத் துவட்டினார். தலை காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் வழியில் இறம்பொடை ஏற்றத்தில் நீர்த்தேக்கம் தெரிந்தபோது அவர் இடம் மாறவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அது மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

போட்டியில் கோகிலா நாலாவதாக வந்தாள். சேர் கூட்டம் கூட்டி, முதலாவது வந்தவளைப் போலவே அவளுக்கு மாலை போட்டார். மாலையையும் முதலில் தன் கழுத்தில் போட்டுப் பார்த்தார் என்று பியோன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசியாக மெஷினுக்கு வந்தேன். தோளுக்கு அது நல்லதுதான். மழை பெய்தாலும் பழகலாம். ஆனால் லொறி டியூப் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்யப்போகிறது, கொஞ்சம் பளபளப்பாக. மூச்சை விடவும் மிதக்கவும் பயத்தை விடவும் அதில் இடம் இல்லை. கொடுக்க மனமுள்ள அந்தப் பழைய மாணவரிடம் மெஷினுக்குப் பதில் பஸ்ஸைக் கேள், அம்மாமாருக்கென்று முன்னால் இரண்டு வரிசை ஆசனத்தையும் சேர்த்துக் கேள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். தடாகத்தின் நீளத்தை வீச்சுக் கணக்கில் யாருக்கும் சொல்லாதே என்றும் அடிக்கோடிட்டேன்.

அனுப்புவதற்கு முன் கோகிலாவையே தொலைபேசியில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் சரி டீச்சர், ஆனால் கூட்டத்தில் இவ்வளவையும் வாசிக்க விடமாட்டார்கள், சுருக்கமாக ஏதாவது வேண்டும் என்றாள். பிறகு, மெஷின் படத்தை அம்மாவிடமும் காட்டினேன் என்றாள். பாக்கியம் அக்கா வேலையை விட்டு இப்போது மகளோடுதான் இருக்கிறார்.

"அம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க டீச்சர். பாத்துட்டு ஒண்ணுதான் கேட்டாங்க. இதுல நெரை எங்க முடியுதுன்னு."

நான் எழுதிய இரண்டு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன். கூட்டத்தில் அதையே கேட்கச் சொன்னேன்.